ரசச் சொம்பில் கலந்திருந்த காரீயம்

அம்மாவுக்குத் தீராத வயிற்றுவலி. பார்க்காத வைத்தியமில்லை. கோமதியம்மன் கோயில் புற்றுமண்ணைக் கரைத்துக் குடித்தாள். மிளகு ரசம் குடித்தால் கேட்கும் என்று யாரோ சொல்ல, அதையும் தினம் வைத்தாள். ரசமென்றால் ஈயச் சொம்பில்தான். புளியங்குடியில் தாத்தா தேடித்தேடி வாங்கிச் சீராகக் கொடுத்தது.

அம்மன் கோயில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நான் லீவு போட்டு வந்திருந்தபோது, சொம்பில் ரசம் வற்றி, தீ மேலேறி, விளிம்பு கொஞ்சம் உருகிச் சாம்பலில் விழுந்துவிட்டது. அம்மா அழாத குறை. விழுந்த துண்டை நான் பையில் போட்டுக்கொண்டேன்.

காரணம் இருந்தது. அப்போது எனக்கு வடக்கே ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை. திரவ ஹீலியத்தின் குளிரில் உலோகங்களின் மின்தடையை அளப்போம். கம்பிகளைப் பற்றவைக்கும் சாதாரண ஈயம்தான் எங்களுக்குப் பெரிய சனியன். அதில் வெள்ளீயமும் காரீயமும் கலந்திருக்கும். அந்தக் குளிரில் காரீயம் மின்தடையை அடியோடு விட்டுவிடும், கலவையும் அப்படியே. இணைப்பே இப்படிச் செய்தால் எதை நம்பி அளப்பது? சுத்த வெள்ளீயம் அப்படியல்ல. ஹீலியம் கொதிக்கும் நிலையில் அதற்குத் தடை இருக்கும். இன்னும் குளிர்வித்தால்தான் போகும். பற்றவைக்க, சமையலுக்கென்று செய்த சொம்பைவிடச் சுத்தமான வெள்ளீயம் எங்கே கிடைக்கும் என்று நினைத்தேன்.

முதலில் சோதித்துப் பார்க்கத் துண்டைக் கம்பியாக்கி ஹீலியத்தில் இறக்கினேன். மீட்டர் முள் பூஜ்யத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. இணைப்பைத் திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் பிரித்து மாட்டினேன். மறுபடியும் பூஜ்யம். அப்புறம்தான் உறைத்தது. இணைப்பில் கோளாறில்லை, சொம்பில் காரீயம். காரீயம் வயிற்றை என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியும்.

லீவு கேட்டு ஊருக்கு வந்து சொன்னேன். அப்பா உடனே சொம்பைத் தூக்கி எறியப் போனார். அம்மா விடவில்லை.

"எங்க அப்பா எனக்கு விஷத்தையாலே குடுத்து விட்டாரு?"

சொம்பை விற்றவன் தாத்தாவை ஏமாற்றிவிட்டான் என்றேன். அதற்கு இன்னும் கோபம் வந்தது அவளுக்கு. செத்துப்போனவரை ஏமாளி என்கிறாயா என்று கேட்டாள்.

மறுநாள் எங்களுக்கு மண்சட்டியில் ரசம் வைத்திருந்தாள். நிம்மதியாகச் சாப்பிட்டு எழுந்து அடுக்களைக்குள் போனால், தனக்கு மட்டும் சொம்பிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்திவிட்டேன்.

அவள் நிமிரக்கூட இல்லை. "உங்களுக்கு ஒண்ணும் ஆவக் கூடாது, அதான் வேற வச்சிட்டேன். இது எங்க அப்பா எனக்குக் குடுத்தது. நான் குடிச்சுக்கிடுதேன்" என்றாள், ஒரு கையால் வயிற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டு.