வலது பக்கம் உட்கார்ந்தவள்

போன வைகாசியில் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் மாப்பிள்ளை கார் வெயிலில் நின்றிருந்தது. வாடிய ரோஜாவும் பெட்ரோலும் கலந்து ஒரு வாசனை வருமே, அது வந்தது. என் மனைவி பத்மா போன பிறகு எனக்கு எதுவும் உறைப்பதில்லை. சோறு ருசிப்பதில்லை, அழுகையும் வருவதில்லை. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்து மரத்துப்போன கால் மாதிரி இருக்கிறேன். இந்த வாசனை மட்டும் கொஞ்சம் உள்ளே போனது.

எங்களிடமும் ஒரு மாப்பிள்ளை கார் இருந்தது. இத்தாலிக்காரன் வேகமாக ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி என்றால் சிரிப்பீர்கள். எழுபதுகளின் கடைசியில், உத்திரமேரூரில் எங்கள் அரிசி மில்லை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது வாங்கியது. மெட்ராஸில் இருந்த யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது விட்டுப்போன சிவப்பு வண்டி. இரண்டே சீட்டு, மடக்கிவிடக்கூடிய துணிக்கூரை. ஸ்டியரிங் இடது பக்கம் இருந்ததால் அங்கே ஒருவரும் சீந்தவில்லை. ஒரு ஜோடி நல்ல மாட்டு விலைக்குக் கிடைத்தது.

என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். வண்டியைச் சுற்றிச்சுற்றி வந்தார். "இத்துல ஒரு மூட்டகூட ஏத்த முடியாதேடா. இன்னாத்துக்கு இது?" என்றார். பிறகு அவரே பதில் கண்டுபிடித்தார். கூரை இல்லாத கார், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? சுற்றுவட்டாரக் கல்யாணமெல்லாம் எங்கள் தலையில் விழுந்தது. மடக்கிய துணிமேல் மாப்பிள்ளை மாலையோடு குந்தியிருப்பார். பறக்க வேண்டிய வண்டி நாதஸ்வரத்துக்குப் பின்னால் நடந்துபோகும். தெருமுனை போவதற்குள் இன்ஜின் கொதித்துவிடும். யாராவது குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றும்வரை நாதஸ்வரக்காரர் அங்கேயே நின்று இன்னொரு பாட்டு வாசிக்க வேண்டும். எனக்கு மில் முதலாளி என்று பேர்தான், பார்த்தது டிரைவர் உத்தியோகம்.

பத்மா இதையெல்லாம் வாசலில் நின்று பார்ப்பாள். "ஏங்க, இது வேகமா போவுமா, இவ்ளோதானா?" என்பாள். போகும் என்பேன். "அப்ப எனுக்கு ஒரு வாட்டி காட்டுங்க." அவள் கேட்டது அது ஒன்றுதான். ஆனால் வீட்டுப் பெண்கள் காரில் பின்சீட்டில்தான் உட்கார வேண்டும் என்பது நைனாவின் சட்டம். இந்த வண்டியில் பின்சீட்டே கிடையாது.

ஆடி வந்தது. ஆடியில் ஏது கல்யாணம்? வண்டி சும்மா நின்றது. நைனா மில்லுக்கு ஏதோ சாமான் வாங்கச் செங்கல்பட்டு போயிருந்தார். பத்மா திருமுக்கூடலில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பியிருந்தாள். "பஸ்சுல போவ மாட்டேன்," என்று பையை எடுத்துவந்து காரில் வைத்துவிட்டாள்.

சாலவாக்கம் ரோட்டில் ஆளில்லை. அழுத்தினேன். சீட்டுக்கடியில் எத்தனையோ கல்யாணத்தில் உதிர்ந்து காய்ந்த ரோஜா இதழெல்லாம் கிளம்பி எங்கள் முகத்தில் அடித்தது. பத்மா கத்திச் சிரித்தாள். அப்போது ரோட்டோரக் கொல்லையில் வேர்க்கடலைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி நிமிர்ந்து கூவினாள்: "ஏமே, பொம்பள ஓட்டிக்கினு போவுது பாருமே!"

நம் ஊர்க் காரில் வலது பக்கம் இருப்பவர்தானே டிரைவர்? வலது பக்கம் இருந்தது பத்மா. அவளுக்குப் புரிந்துவிட்டது. சட்டென்று இரண்டு கையையும் முன்னால் நீட்டி, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். வளைவு வந்தால் திருப்பவும் செய்தாள். நான் என் ஸ்டியரிங் வெளியே தெரியாமல் குனிந்துகொண்டு திருமுக்கூடல்வரை ஓட்டினேன். இடுப்பு விட்டுப்போனது.

நான் வீடு திரும்புவதற்குள் சேதி வந்து சேர்ந்திருந்தது. நைனா பொறுத்துக்கொண்டு, பத்மா திரும்பி வந்த அன்றைக்குத்தான் கேட்டார். "வண்டிய அவ கையில குட்த்தியாமே?" கதவுக்குப் பின்னால் பத்மா நின்றாள். இல்லை நைனா, ஸ்டியரிங் என் பக்கம்தானே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"ஆமா நைனா. நல்லா ஓட்னா."

ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால் வண்டியை விற்றுவிட்டார். அன்று ராத்திரி பத்மா கையால் என் தட்டில் இரண்டு கரண்டி நெய் கூடுதலாக விழுந்தது.

அந்தக் காஞ்சிபுரம் கல்யாணத்தில், மாப்பிள்ளை கார் பக்கத்தில் நின்ற என்னிடம் ஒரு வயதான அம்மாள் வந்தாள். "ஐயா, மில்லுக்காருதானே? நான் சாலவாக்கத்துப் பக்கம். கார் ஓட்டிக்கினு போச்சே, அந்தம்மா வர்லியா?"

"தவறிட்டாம்மா."

மில் இல்லை, நைனா இல்லை. அந்த ரோட்டில் கடலை போட்ட கொல்லையிலெல்லாம் வீட்டு மனைக்கல் நட்டாகிவிட்டது. வண்டியை எங்கே உடைத்தார்களோ தெரியாது. அந்த அம்மாள் உச்சுக்கொட்டினாள். "இன்னா ஸ்பீடு! இப்பிடிப் புட்ச்சிக்கினு," என்று இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் காட்டினாள்.

அப்படியேதான் பிடித்திருந்தாள். "ஆமாம்மா, நல்லா ஓட்டுவா," என்றேன்.