அல் ஐனில் கிடைத்த முகப்பு

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு துபாய் தேராவிலிருந்து கிளம்பினோம். 2004, நல்ல குளிர்காலம். வண்டி சாகுல் பாயுடையது. அவர் கீழக்கரைக்காரர், தேராவில் துணிக்கடை வைத்திருக்கிறார். நான் பரமக்குடி, ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். எனக்கு அவர் பாய், அவருக்கு நான் மாப்ளே.

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு காலண்டர். ஆபீஸ் வெள்ளைக்காரர் கொடுத்தது; மாதத்துக்கு ஒன்றாக இங்கிலாந்துக் கிராமத்துப் பங்களாக்கள். போன லீவில் ஊருக்குக் கொண்டுபோனதுதான் நான் செய்த வேலை. நாங்கள் கட்டும் வீட்டுக்கு இதே முகப்புதான் வேண்டும் என்று என் மனைவி செல்வி ஒற்றைக் காலில் நின்றாள். மேஸ்திரியோ, "முன்பக்கம் மட்டும் பாத்து எப்படிக் கட்டுறது? பக்கவாட்டு, கூரை ஓரம் எல்லாத்துக்கும் போட்டோ வேணும்" என்று வேலையை நிறுத்திவிட்டார். இங்கிலாந்துக்கு நான் எங்கே போக! அல் ஐன் தோட்டங்களில் அந்த மாதிரி வீடுகள் உண்டு என்று பாய்தான் சொன்னார். கடையில் வரைபடத்தை விரித்துவைத்து, எந்தச் சாலை, எந்த நேரத்தில் வெயில் எந்தப் பக்கம் விழும் என்றெல்லாம் திட்டம் போட்டோம்.

எனக்கு அவசரம். வீடு முடிந்ததும் ஒரேயடியாக ஊருக்குப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன். பத்து வருஷம் போதும். கேம்ப் ரூமில் எட்டுப் பேர் குறட்டைக்கு நடுவே தனியாகக் கிடந்தது போதும். செல்வியிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

அல் ஐன் சுமார் நூற்று முப்பது கிலோமீட்டர். இரண்டு பக்கமும் சிவந்த மணல். ஒட்டகம் குறுக்கே வராதபடி கம்பி வேலி. பாதி வழியில் அரை திர்ஹத்துக்குச் சாயா குடித்தோம்.

"மூஞ்சிய ஏன் மாப்ளே இப்படி வச்சிருக்க? வீடு பாக்கப் போறியா, துஷ்டி கேக்கப் போறியா?" என்றார் பாய்.

அல் ஐனில் ரவுண்டானாவுக்கு மேல் ரவுண்டானா. ஒன்றையே இரண்டு தடவை சுற்றினோம். வீடு தேடியே மதியமாகிவிட்டது. பேரீச்சந்தோப்புகளைத் தாண்டியதும் ஒரு பள்ளிவாசல். பாய் ஜும்மா தொழ உள்ளே போனார். நான் வெளியே வண்டியில் சாய்ந்து நின்றேன். ஊரே உள்ளே இருக்க, தெருவில் நான் ஒருத்தன். அழுகை வந்தது, எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

தொழுகை முடிந்து கொஞ்ச தூரம் போனதும் கண்ணில் பட்டது அந்த வீடு. சரிந்த ஓட்டுக் கூரை, புகைபோக்கி, வளைவு வைத்த வாசல். காலண்டரில் மார்ச் மாதம் அப்படியே வந்து நிற்கிறது! இறங்கி ஒரு படம் எடுத்திருப்பேன், "சூரா மாஃபி!" படம் எடுக்காதே என்று பின்னாலிருந்து ஒரு சத்தம். வீட்டுக்காரப் பெரியவர், தொழுதுவிட்டு வருகிறார். வீட்டுப் பெண்கள் இருக்கும் பக்கம் கேமராவைத் திருப்புவது இங்கே பெரிய தப்பு. கேமராவைச் சட்டென்று கீழே இறக்கினேன்.

பாய் அரபியில் விஷயத்தைச் சொன்னார். பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்துக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். வளைவு வாசல் வழியாக இல்லை. பக்கத்தில் தனியாக ஒரு கதவு, அதற்குள் நீளமான ஒரு அறை, சுற்றிலும் மெத்தைகள்.

"இது மஜ்லிஸ், மாப்ளே. விருந்தாளிக்குத் தனி வாசல். வந்தவன் கவுரவமா இருந்துட்டுப் போவான், வீட்டாளுக அவங்க பாட்டுக்கு இருப்பாங்க."

உட்புறமாக இன்னொரு கதவும் இருந்தது, சாத்தியபடி. அதை யாரோ தட்டினார்கள். பெரியவர் எழுந்துபோய் காவா என்கிற அரபுக் காபியையும் பேரீச்சம்பழத்தையும் வாங்கிவந்தார். அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டே இருந்தது. நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது பெரியவரே கூட நின்று கூரை, தூண், மஜ்லிஸ் எல்லாவற்றையும் எடுக்கவிட்டார். படங்களை, ஊருக்குப் போன ஒருவர் கையில் கொடுத்தனுப்பினேன். அடுத்த வாரம் ஃபோன் செய்தேன். ஒரேயடியாக வரப்போவதை அன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் செய்தேன்.

"ரொம்ப நல்லாருக்குங்க! மேஸ்திரி ஆரம்பிச்சுட்டாரு" என்றாள் செல்வி. "அதுல தனி வாசல் வச்ச ரூமு ஒண்ணு இருக்குல்ல, அதையும் கட்டச் சொல்லிட்டேன்."

"விருந்தாளிக்கா?"

"உங்களுக்குத்தாங்க. லீவுக்கு வந்தா உங்களப் பாக்க ஆளு வந்துக்கிட்டே இருக்கும். நீங்க அதுல இருந்துக்கிட்டா புள்ளைக படிப்புக்குத் தொந்தரவு இருக்காது."

அவள் குரலில் ஒரு குறையும் இல்லை. எனக்காக யோசித்துத்தான் சொன்னாள்.

"லீவுக்கு இல்ல செல்வி, ஒரேயடியா வந்துடலாம்னு இருக்கேன்."



"ஏங்க, அங்க வேலைக்கு எதுவும் பிரச்சினையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மா சொன்னேன்" என்றேன். "அந்த ரூமுக்கு உள்பக்கமா ஒரு கதவு வைக்கச் சொல்லு."