எங்கள் வண்டி வழியில் நிற்காத வருடம்

போன வருடம் ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் கார் திருவட்டாரைத் தாண்டியதும் நின்றுவிட்டது. முன்பக்கத்திலிருந்து ஆவி குபுகுபுவென்று வந்தது. பக்கத்து இருக்கையில் என் கணவர் ராஜன் இருந்தார். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதில்லை. வாரத்தில் மூன்று நாள் மார்த்தாண்டத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்தால்தான் உயிர். நேரம் தவறினால் அந்த இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வெளியே காத்திருப்பதும் ஓர் உயிர்தானே.

ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் இடம் போயிருந்தது. மறுநாள்தான் கிடைத்தது. அதுவரைக்கும் அவரால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. கட்டிலில் உட்கார்ந்தபடியே திணறிக்கொண்டிருந்தார். நான் முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். வேறு என்ன செய்ய?

புதன்கிழமை டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"போதும்ட்டி ஸ்டெல்லா. இனி என்னைய அங்க கொண்டு போவாத. உனக்கும் பாடு, எனக்கும் பாடு. ஆண்டவர் எடுத்துக்கிடட்டு."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அவர்மேல் அல்ல, அந்தக் காரின்மேல். இத்தனை நாள் ஒழுங்காக ஓடியதற்கு அன்றைக்கா வயிற்றுவலி வர வேண்டும்?

எங்கள் வீடு பேச்சிப்பாறை போகும் வழியில், ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது. பஸ்ஸை நம்பினால் டயாலிசிஸுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. வாடகைக் கார் எல்லா நாளும் கட்டுப்படியாகாது. என் கணவர் வளைகுடாவில் பல வருடம் டிரைவராக இருந்தவர். திரும்பி வந்ததும் இந்தச் சாம்பல் நிறக் காரைப் பழையதாகத்தான் வாங்கினார். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அவர் அதன் மூடியைத் திறந்து எதையோ துடைத்துக்கொண்டிருப்பார். "கோழிக்கறி ஆறுது, உங்களுக்கு அந்த இரும்புதான் பெருசு" என்று நான் திட்டுவேன். அவர் நோயில் விழுந்த பிறகு நான் ஓட்டப் படித்து லைசென்ஸ் எடுத்தேன். சாவியைத் திருப்பினால் ஓடும், பெட்ரோல் குறைந்தால் போட வேண்டும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நல்ல கார், அதுவாக ஓடுகிறது என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு வெப்பம் காட்டும் ஊசி மேலே ஏறியதையும் பார்த்தேன். ஏற்றத்தில் ஏறியதால் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். கூட்டத்தை நடத்தும் ரோஸ் அக்கா, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஜெபக்குறிப்பு கேட்டார். ரோஸ் அக்கா ஜெபிக்கத் தொடங்கினால் போட்ட டீ பச்சைத்தண்ணீராகிவிடும். ஆனாலும் அவர் ஜெபித்தால் எனக்கு ஒரு தைரியம்.

"எங்க கார் வழியில நிக்கப்பிடாதுக்கா. அவரு போதும்னு சொல்லப்பிடாது. இது ரெண்டும்தான்" என்றேன்.

"காருக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"காருக்குத்தான். அது நின்னா இவரு நின்னுருவாரு" என்றேன். எல்லோரும் முழங்காலில் நின்றார்கள். நானும் நின்றேன். அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

சனிக்கிழமையும் கார் ஒர்க்‌ஷாப்பில்தான் இருந்தது. ரேடியேட்டர் ஹோஸ் வெடித்திருந்தது. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் ஒரு சொட்டுகூட இல்லை. அவரிடம் கெஞ்சினேன். எனக்காக இந்த ஒரு தடவை என்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். அங்கே போனால், அவருக்கு எப்போதும் போடும் மிஷினைச் சர்வீஸுக்காக மூடிப் போட்டிருந்தார்கள். அடுத்த மிஷின் காலியாகும்வரை இருக்கச் சொன்னார்கள். ஏற்கெனவே வெந்துபோயிருந்த எனக்கு அது போதாதா? அங்கே வேலை பார்க்கும் ஷைனியிடம் சண்டைக்குப் போனேன்.

"புதன்கிழமைகூட நல்லா ஓடின மிஷின்தானே? நல்லா ஓடினத எதுக்கு நிறுத்திப் போட்டிருக்கிய?"

அந்தப் பிள்ளை கோபப்படவில்லை. "நல்லா ஓடும்பமே பாக்கணும்க்கா. நின்ன பொறவு பாக்கலாம்னா, நிக்கும்பம் அதுல ஒரு ஆளு கிடப்பாருல்லா?" என்றாள்.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் உடம்பு சிலிர்த்தது. காரும் அப்படித்தானே? அவர் ஞாயிறுதோறும் துடைத்ததும் திறந்து பார்த்ததும் இதற்குத்தானே? முந்தின நாள் நான் எதற்கு முழங்காலில் நின்றேனோ, அதற்குப் பதில் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இடி முழங்கவில்லை, தரிசனமும் கிடைக்கவில்லை. கையில் ரப்பர் உறை போட்ட ஒரு பிள்ளையின் வாயில் வந்தது.

இவரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். திரும்பி வரும்போது, ஆட்டோ குலசேகரம் தாண்டிய பிறகு, புதன்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக அவராக வாய் திறந்தார்.

"வண்டிக்க ஆயில் எப்பம் மாத்தின?"

"நீங்க மாத்தினதுதான்."

"நான் மாத்தினதா? அப்பம் நான் கிடப்புல விழுந்த பொறவு மாத்தவே இல்லியா? ஏட்டி, உனக்கு அறிவிருக்கா? பிரேக்கு பாத்தியா? டயருக்குக் காத்து?"

வீடு வந்து சேரும்வரை திட்டினார். ஆட்டோக்காரர் எனக்காகப் பரிதாபப்பட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். எனக்கோ அப்படி ஒரு சந்தோஷம். சாகப் போகிறேன் என்று சொன்ன மனிதர் பிரேக்கைப் பற்றிக் கவலைப்படுகிறார்!

கார் வந்தது. அதிலிருந்து திங்கட்கிழமை காலை எங்களுக்குக் கார் பார்க்கும் நாள். டயாலிசிஸ் ஊசி போடும் கையில் அவர் கனம் தூக்கக் கூடாது. அதனால் வேலை எனக்கு, அதிகாரம் அவருக்கு. முற்றத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். இன்ஜின் சூடாவதற்கு முன்னால் கூலண்ட் பார்க்க வேண்டும். ஆயில் பார்க்கும் கம்பியை உருவிக் கொடுத்தால் மற்றக் கையால் பழைய பனியன் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுக்கச் சொல்லி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் சுரண்ட வேண்டும். நம்முடைய ஊரில் இரண்டு மழைக்காலம். அதற்கு முன்னால் வைப்பர் ரப்பரைத் தடவிப் பார்க்க வேண்டும். ஆயில் மாற்றும் நாள் வந்தால், வண்டி எவ்வளவு நன்றாக ஓடினாலும் ஒர்க்‌ஷாப்புக்கு விட்டுவிட வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை கண்ணாடி கழுவும் தொட்டியில் நான் தண்ணீர் ஊற்றினேன். அவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளவு சொல்லியிருக்கிறார். நான் அளந்துதான் கொடுப்பேன். அவர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்குத்தான் அளந்து தாற. வண்டிக்காவது வயிறு நிறைய ஊத்துட்டி" என்றார். சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. விடியும் முன்பே மழை பிடித்துவிட்டது. பஸ் வரவில்லை. தெரிந்த ஆட்டோக்காரர்கள் போனையே எடுக்கவில்லை. அவர் காலில் நீர் ஏறி, விரலால் அமுக்கினால் குழி விழுந்தது. அன்று தப்பினால் என்ன ஆகும் என்பதை நாங்கள் ஜூனில் பார்த்திருக்கிறோம். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மழையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பயப்படாத. திங்கட்கிழமை பாத்த வண்டியாக்கும். பைய போ" என்றார்.

முதல் திருப்பிலேயே வண்டி எடுத்தது. வைப்பர் மழையை வழித்துத் தள்ளியது. பிரேக் போட்ட இடத்தில் வண்டி நின்றது. முன்பு நின்றுபோன அதே இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வேன் மூடியைத் திறந்து போட்டுக்கொண்டு மழையில் நின்றிருந்தது. நாங்கள் கடந்து போனோம். சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அவரை மிஷினில் போட்டதும் நான் பெஞ்சில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். ஷைனி பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"என்னாச்சுக்கா?"

"ஒண்ணும் ஆவல்ல பிள்ளே. ஒண்ணுமே ஆவல்ல" என்றேன்.

வருடக் கடைசி ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்தேன். எனக்கு முன்னால் சொன்னவர்கள் பெரிய விபத்திலிருந்து தப்பியதையும், டாக்டர் கைவிட்டுப் பிழைத்ததையும் சொன்னார்கள். நான், "ஜூனுக்குப் பிறகு எங்கள் கார் வழியில் ஒரு நாளும் நிற்கவில்லை. டயாலிசிஸ் ஒன்றும் தப்பவில்லை. ஆண்டவருக்கு நன்றி" என்று சொல்லி உட்கார்ந்தேன். சிலர் சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு சத்தமான ஆமென் வந்தது. அது யார் என்று திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

அவருக்குச் சிறுநீரகம் குணமாகவில்லை. அதற்கும் ஜெபிக்கிறேன். ரத்தக்கொதிப்பை வலி இல்லை என்பதற்காகப் பார்க்காமல் விட்டதால் வந்த நோய் அது. எனவே வாசிக்கிற உங்களிடம் சொல்கிறேன். ஆண்டவரை நம்புங்கள், முழுசாக நம்புங்கள். ஜெபித்து எழுந்ததும் போய் வண்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். அப்படியே உங்கள் பிரஷரையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் நன்றாக ஓடும்போதே.

இன்னும் எழுதலாம். ஆனால் இன்று திங்கட்கிழமை. ரப்பர் இலை உதிர்கிற காலம் வேறு. முற்றத்தில் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்கிறது.

"ஏட்டி, எழுதினது போதும். கண்ணாடிக்குக் கீழ சருவு அடைஞ்சு கிடக்கு. வா."

போகிறேன்.