மூன்று வீட்டு ஐஸ்

சமையலறையில் ஐஸ் ட்ரேயை முறுக்கும் சத்தம் கேட்டது. உடனே எனக்கு எங்கள் அஸ்தினாபுரத்துத் தெரு ஞாபகம் வந்துவிட்டது.

தம்பி ரவிக்கு ஹீமோபிலியா. ரத்தம் லேசில் உறையாது. சும்மா ஓடி விளையாடினாலே முட்டிக்குள் ரத்தம் கசிந்து வீங்கிவிடும். உடனே ஐஸ் வைக்க வேண்டும். அப்போது எங்களிடம் ஃபிரிட்ஜ் கிடையாது. தெருவில் ஃபிரிட்ஜ் இருந்த மூன்று வீடுகளுக்கும் அம்மாவே போய்ச் சொன்னாள். "பையனுக்கு ரத்தம் உறையாத வியாதி. என் வழியா வந்தது. எப்ப வந்து கேட்டாலும் கொஞ்சம் ஐஸ் குடுங்க."

எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா பதறிப்போனார். "மெதுவா பேசுங்கக்கா. உங்க வீட்ல கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு இருக்கா."

"அவளுக்காகத்தான் சத்தமா சொல்றேன்," என்றாள் அம்மா.

அன்றிலிருந்து மூன்று வீட்டிலும் ஒரு ட்ரே ரவிக்கென்றே இருந்தது.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் காபி கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுவாள். "இவளுக்கும் அது இருக்கலாம். பொறக்கிற பையனுக்கு வரலாம். டெஸ்ட் எடுத்துட்டு மேல பேசலாம்." அப்பா தரையைப் பார்ப்பார். இரண்டு குடும்பங்கள் காபியைக் குடித்துவிட்டுப் போனது போனதுதான். அப்போது அம்மா மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். இன்றைக்கு அதையேதான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

மூன்றாவதாக வந்த மாப்பிள்ளை, கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ரவியிடம் கேட்டார். "ஐஸை அப்படியே வைக்கலாமா, துணியில சுத்தணுமா?"

அப்போது அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

இன்று காலை ரவிக்கு மறுபடியும் முட்டி வீங்கிவிட்டது. ஊசி போட்டுக்கொண்டு வந்து எங்கள் ஹாலில் படுத்திருக்கிறான். சமையலறையிலிருந்து என் கணவர் வருகிறார், ஐஸைத் துணியில் சுற்றியபடியே.