தேக்கடிக்குத் தைத்த திரை

என் மாமனார் வீட்டு ஞாயிற்றுக்கிழமை விருந்தில் பாதி சாப்பாடு, மீதி சகலையின் பிரயாண அனுபவம். என் மனைவியின் அக்காவை, அதாவது என் மதினியை, கட்டியவர் அவர். பேங்க் வேலை. கோடைக்குக் கோடை குடும்பத்தோடு எங்காவது போய்வர ஆபீஸே அனுப்பிவைக்கும். எண்பதுகளின் கடைசியில் ஒரு மே மாதம் ஊட்டிக்குப் போய் வந்த கையோடு, போட்டோ ஆல்பத்தையும் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்திருந்தார். வெளியே ரோட்டில் தார் இளகிக்கொண்டிருந்தது. உள்ளே ஆல்பத்தில் மதினி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார்.

என் மனைவி விரலைச் சேலையில் துடைத்துவிட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். கடைசிப் பக்கம் வந்ததும் மதினி கேட்டார்: "நீங்க இந்த லீவுக்கு எங்கட்டீ போனீக?"

"சாத்தூருக்கு. ஒரு கல்யாணத்துக்கு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்காளுக்கு வாய்த்தவர் பேங்க்காரர், தங்கச்சிக்கு வாய்த்தவன் இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி யூனிட் வைத்திருப்பவன். பிறந்த வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அக்காள் கையில் ஒரு ஊர் இருக்கும். இவள் கையில் எங்கள் யூனிட்டில் மிஞ்சிய பஞ்சு உருண்டை ஒன்று, அப்பாவின் காதுக்கு. அன்றைக்குத்தான் அது என் கண்ணில் பட்டது. பட்டதும் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

"நாங்க தேக்கடி போறோம்," என்றேன்.

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் அது செய்திதான்.

"பேஷ். ரூம் போட்டாச்சா சகல?" என்றார் சகலை.

"ரூம் எதுக்கு? வண்டியிலேயே தங்குறோம். படுக்க, சமைக்க, எல்லாம் வண்டிக்குள்ளயே. காலைல எந்திரிச்சா காட்டுக்குள்ள நடை. வெள்ளக்காரன் எல்லாம் இப்ப அப்படித்தான் போறான்."

இதில் கடைசி வாக்கியம் மட்டும் உண்மை. நூலகத்தில் ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் பார்த்திருந்தேன். வீடு மாதிரி ஒரு வண்டி, வாசலில் மடக்கு நாற்காலி, அதில் தொப்பி போட்ட ஒரு தகப்பன், கையில் காபி. தலைக்கு மேல் வானளாவிய மரங்கள். அந்தத் தகப்பனின் முகத்தில் உலகத்தில் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை என்கிற ஒரு நிம்மதி. எனக்கு வேண்டியிருந்தது அந்த நாற்காலிதான்.

"எந்த வண்டி?"

"நம்ம வண்டிதான்."

"அந்த பேண்டேஜ் வண்டியா!" என்றார் சகலை. மோர்சாதம் அவருக்குப் புரையேறியது.

திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில், மகளை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே மனைவி கேட்டாள்: "நெசமாவே போறோமா?" நான் பதில் சொல்லும் முன்னால் அவளே, "யானைய கிட்டக்கப் பாக்கலாம்ல? எங்க அக்கா பாத்ததில்ல," என்றாள். அதற்குப் பிறகு பின்வாங்க எப்படி முடியும்?

திட்டம் போடுவதில் எனக்கு ஒரு திறமை உண்டு. அந்தத் திறமை அதோடு நின்றுவிடும் என்பதுதான் குறை. கத்திரி வெயிலில் யூனிட்டுக்கு இரண்டு வாரம் லீவு விட்டதும், மதுரைக்கு பேண்டேஜ் சிப்பம் ஏற்றிப்போகும், எங்கள் சரக்கின் சிவப்புக் கூட்டல் குறி போட்ட மூடு வேனைக் கழுவி, பக்கத்துக்கு ஒரு ஜன்னல் அறுத்து, ஆசாரியை வைத்துப் பலகையில் கட்டில் அடித்தேன். அடுப்புக்கு ஒரு மேடை. தண்ணீருக்குக் குழாய் வைத்த டிரம். கட்டிலுக்குக் கீழே அரிசி, பருப்பு. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மனைவிக்குக் காட்டைப் பற்றிப் பாடம் நடத்துவேன். யானை தண்ணீர் குடிக்க வரும்போது குட்டியை நடுவில் விட்டுக்கொண்டு எப்படி வரும், அட்டை ஏறுவது ஏன் நமக்குத் தெரியாது, ஏரிக்குள் செத்த மரங்கள் எப்படி நிற்கும் என்று எல்லாம் புத்தகத்தில் படித்ததை நேரில் பார்த்தவன் மாதிரி சொல்வேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்பாள். கேட்கிறாளா என்று எனக்குச் சந்தேகம்தான். வண்டியில் காட்டுக்குள் தங்க விடுவார்களா என்று மட்டும் அவளும் கேட்கவில்லை, நானும் யாரிடமும் கேட்கவில்லை.

காட்டில் நடக்கப் பழக வேண்டுமே என்று காலையில் இரண்டு பேரும் சஞ்சீவி மலைப்பக்கம் நடக்கப் போனோம். நான் கேன்வாஸ் ஷூ போட்டிருந்தேன். முதல் நாளே ஊர் விசாரித்தது.

"என்ன அண்ணாச்சி, சுகரா?"

"இல்லப்பா, சும்மாதான் நடக்கோம்."

"சும்மா எவனாச்சும் நடப்பானா? எம்புட்டு இருக்கு? முந்நூறா?"

மூன்றாவது ஆளிடம் சுகர் என்றே ஒப்புக்கொண்டேன். அது கௌரவமாக இருந்தது. நான் பாதி மேட்டில் பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது, ரப்பர் செருப்பில் வந்த என் மனைவி உச்சியில் நின்று கையாட்டினாள். எனக்கு சுகர் முற்றிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

மிச்சமிருந்தது கொசு. மகளுக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. கொசுவலை வாங்கலாம் என்றாள் மனைவி. நான் சிரித்தேன். கண்ணுக்குத் தெரியாத கிருமியையே தடுக்கிற துணியை நெய்கிற வீட்டில் கொசுவுக்குப் போய் வலை வாங்குவதா? வெளுத்த பேண்டேஜ் துணி யூனிட்டில் தானாகக் கிடந்தது. அவள் தையல் மிஷினில் உட்கார்ந்து, நான் அளவு சொல்லச் சொல்ல, ஜன்னலுக்கு, பின் கதவுக்கு, கட்டிலைச் சுற்றி என்று திரை திரையாகத் தைத்தாள். கொக்கியில் மாட்ட ஓரமெல்லாம் வளையம் வைத்தாள். மாட்டி முடித்ததும் வண்டியின் உட்புறம் பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. உலகத்திலேயே சுத்தமான வண்டி என்று எனக்குப் பட்டது. வேறு எது மாதிரியும் படவில்லை. வருஷக்கணக்கில் பேண்டேஜையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு வெள்ளைத் துணி சரக்காகத்தான் தெரியும்.

எங்கள் பக்கம் தூரப் பயணம் போகிறவர்கள் பெரியவர்களிடம் நேரில் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அதனால் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வண்டியையும் ஓட்டிக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போனோம். சொல்வதற்கு என்று பெயர், காட்டுவதற்குத்தான் போனோம். சகலையும் வந்திருந்தார். வாசலில் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திப் பின் கதவைத் திறந்து வைத்தேன். மதினி எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தாம்ட்டீ இருக்கு," என்றார். என் மனைவிக்கு அது போதும். தண்ணீர்க் குழாயை இரண்டு தடவை திறந்து திறந்து மூடிக் காட்டினாள்.

மாமனாருக்குத்தான் வண்டி ரொம்பப் பிடித்துப்போனது. சட்டையைக் கழற்றிவிட்டு வேட்டியோடு ஏறிக் கட்டிலில் நீட்டிப் படுத்தார். "ரெண்டு பக்கமும் காத்து பிச்சுக்கிட்டு வருது மாப்ளே," என்றார். நெஞ்சின் மேல் கையைக் கோத்துக்கொண்டார். "நீங்க போய்ச் சாப்பிடுங்க, நான் செத்த நேரம் கெடக்கேன்," என்றார். ஈ அண்டாமல் இருக்கத் திரையை இழுத்துவிட்டுவிட்டு நாங்கள் உள்ளே போனோம்.

இனி தெருவின் பக்கமிருந்து பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் சிவப்புக் கூட்டல் குறி போட்ட ஒரு மூடு வேன் வாசலில் வந்து நிற்கிறது. பின் கதவு திறந்து கிடக்கிறது. உள்ளே நாலாபுறமும், ஊடே ஆள் தெரிகிற மெல்லிய வெள்ளைத் துணி. நடுவில் வெறும் மேலோடு, நெஞ்சில் கை கோத்து, மல்லாந்து, வீட்டுக்காரர்.

நான் அடுக்களைத் தரையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, யானை எதிரே வந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சகலைக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது வெளியே முதல் குரல் கேட்டது.

"ஐயோ, எங்கண்ணாச்சி!"

ஓடிவந்து பார்த்தால் தெருவே வாசலில் நிற்கிறது. பெண்கள் வட்டம் கட்டி உட்கார்ந்துவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு பெஞ்சு தூக்கி வருகிறார். சுவர் தகராறில் பல வருஷமாக மாமனாரோடு பேச்சுவார்த்தை இல்லாதவர் அவர். அவர் கண்ணிலும் தண்ணீர். ஒருவர் சகலையின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆஸ்பத்திரில இருந்து எப்பம் கொண்டாந்தீக? ஒரு வார்த்த சொல்லலியே! சங்குக்காரனுக்கு ஆள் போயிருக்கு," என்கிறார்.

சத்தத்தில் மாமனார் விழித்துக்கொண்டார். திரையை விலக்கி எழுந்து உட்கார்ந்தார். வட்டம் கட்டியிருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து ஓடினார்கள். அவர் தெருவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பதறிப்போய்க் கேட்டார்: "யாரு போயிட்டா?"

எதிர்வீட்டுக்காரர் பெஞ்சைக் கீழே வைத்தார். "நீங்கதான்," என்றார். வைத்த பெஞ்சைத் திரும்பத் தூக்கிக்கொண்டு, அழுததற்காக வெட்கப்பட்டவராக வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றைக்கு நான் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் வண்டியின் டயரையே பார்த்துக்கொண்டு நின்றேன். டயரில் ஒரு குறையும் இல்லை. மாமியார் மாமனாருக்குத் தலையோடு தண்ணீர் ஊற்றி, சூடம் சுற்றிப்போட்டார். என்னிடம் அவர் நேரடியாகப் பேசும் வழக்கமில்லை, மகளைப் பார்த்துச் சொன்னார்: "ஏட்டி, அவியட்ட சொல்லிரு. அந்த வண்டில எம் பேத்தி ஏறக்கூடாது. நீயும் ஏறக்கூடாது. எந்த ஊருக்கும் வேண்டாம்."

"மாமாவக் கேட்டா நல்லாத்தான் இருந்துச்சுங்காரு," என்றார் சகலை. "படுத்தா எந்திரிக்கவே தோணலையாம்."

மாமனார் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவள் ஒருத்திதான். அவள் வண்டிக்குள் ஏறி ஒவ்வொரு வளையமாகக் கொக்கியிலிருந்து கழற்றித் திரைகளை மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். நான் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு தனியாக இராஜபாளையம் வந்தேன். எதிரே வந்த ஒருவர் ஓரமாக ஒதுங்கிக் கும்பிட்டது எனக்காக இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் போய் குமுளியில் லாட்ஜ் எடுக்கலாமே என்று மறுநாள் சொன்னேன். "பாக்கலாம்," என்றாள். பிறகு யூனிட் திறந்தது, ஆர்டர் வந்தது, பார்க்கவில்லை. கட்டிலைப் பிரித்து யூனிட்டில் பெஞ்சாகப் போட்டோம். திரைகளை அவள் வெட்டி இட்லித் துணியாக்கினாள்.

ஆடிப்பூரத் தேருக்கு மறுபடி எல்லோரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் கூடினோம். சாப்பிட்டு முடித்து எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது, நான் பயந்துகொண்டிருந்த கேள்வி மதினியிடமிருந்து வந்தது. "அப்ப தேக்கடி போகவே இல்லையாட்டீ?"

ஆர்டர், கரண்ட் கட், ஆள் வரவில்லை என்று நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி சொன்னாள்: "போயிட்டு வந்தோம்க்கா. அம்மா வேண்டாம்னாளேன்னுதான் சொல்லல. பஸ்ஸுலதான் போனோம்."

சொல்லிவிட்டு ஆரம்பித்தாள். ஏரிக்குள் செத்த மரங்கள் நின்றதைச் சொன்னாள். அட்டை ஏறினது தெரியவே இல்லை, ரத்தம் வந்த பிறகுதான் பார்த்தோம் என்றாள். யானைகள் தண்ணீருக்கு இறங்கும்போது குட்டியை நடுவில் விட்டுக்கொண்டு வந்ததைக் கையாலேயே நடத்திக் காட்டினாள். மதினி வாயைப் பிளந்து கேட்டார். எனக்குக் காது சுட்டது. ஒவ்வொரு வாக்கியமும் நான் சொன்னது. துணி மடித்துக்கொண்டே ஒன்றுவிடாமல் கேட்டிருக்கிறாள். நான் சொன்னதைவிட நன்றாகச் சொன்னாள். மகளுக்கு இன்னும் பேச்சு வராதது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று அப்போதுதான் புரிந்தது.

"யானை எம்புட்டுக் கிட்டக்க வந்துச்சு சகல?" என்றார் சகலை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை. மடியில் மகளின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். போட்ட பொத்தானையே கழற்றி மறுபடி போட்டாள்.

"இந்தா, அந்த வேப்பமரம் இருக்குல்ல," என்றேன். "அம்புட்டுத் தூரந்தான்."

மாமனார் வேப்பமரத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அதன் கீழே செத்துப் பிழைத்தவருக்குத் தெரியாதா? வெற்றிலைச் செல்லத்தை என் பக்கமாக நகர்த்திவைத்தார்.

மறுநாள் காலை எங்கள் வீட்டு அடுக்களையில் அவள் இட்லி எடுத்துக்கொண்டிருந்தாள். துணியின் ஓரத்தில், பிரிக்காமல் விட்ட ஒரு வளையம் ஆவியில் நனைந்து தொங்கியது. மன்னிப்பு மாதிரி ஏதோ என் வாய் வரைக்கும் வந்திருந்தது. அவள் திரும்பாமலே கேட்டாள்:

"ஏங்க, காட்டுல பொழுது விடியறப்ப எப்படி இருக்கும்? நேத்து அக்கா கேட்டா. எனக்குச் சொல்லத் தெரியல."

அந்தப் பத்திரிகையில் அது போட்டிருக்கவில்லை.

"பனியா இருக்கும்," என்றேன்.

"எம்புட்டு?" என்றாள்.