டோக்கனாக நடந்து வந்தவள்

ஹார்தெட் ஜங்ஷனுக்கு அன்றைக்கும் சாலை கிடையாது, இன்றைக்கும் கிடையாது. இரண்டு பாதைகள் சேருகின்றன என்ற ஒரே காரணத்துக்காகச் சதுப்பு வெளியில் கட்டிய ஸ்டேஷன் அது. வண்டி மாறுகிறவர்கள் இறங்குவார்கள், டீ குடிப்பார்கள், காற்றைத் திட்டிவிட்டு அடுத்த வண்டியில் ஏறிவிடுவார்கள். பிறகு அரசாங்கம் எங்கள் கிளைப் பாதையை மூடியது, தண்டவாளத்தைப் பிடுங்கியது. இப்போது நடைமேடையில் மரம் முளைத்துக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவும் கையுமாக வருகிறவர்கள் இடிந்த புகைபோக்கியைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். டார்கஸ் மர்வுட்டைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வருவது அதனால்தான்.

போருக்கு ஆண்கள் போனபோது சிக்னல் கேபினுக்கு வந்தவள் டார்கஸ். ஆண்கள் திரும்பியதும் மற்றப் பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஹார்தெட்டுக்கு மட்டும் மாற்றல் கேட்க ஒருவனும் முன்வரவில்லை, அதனால் அவள் தங்கிவிட்டாள். ரயில்வே விதி என்றால் அவளுக்கு அதில் மாற்றமே கிடையாது. கிளைப் பாதையின் மறுமுனையில், ஐந்து மைல் தள்ளி, கிரேவிக் கேபினில் நான் இருந்தேன். போனில் நான் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால், "ஜெத்ரோ, ஒழுங்கா முதல்லேருந்து சொல்லு" என்பாள்.

எங்கள் இருவருக்கும் நடுவே ஒற்றைப் பாதை. டிரைவர் கையில் டோக்கன் இல்லாமல் எந்த வண்டியும் அதில் நுழையக் கூடாது. போய்ச் சேர்ந்த டோக்கனை அந்த முனைக் கேபினில் இருக்கும் பெட்டியில் போட்டால்தான் என் கேபின் பெட்டி திறந்து அடுத்ததைக் கொடுக்கும். எதிரெதிரே இரண்டு வண்டி வந்து மோதாமல் எங்களைக் காப்பாற்றியது அந்தச் சின்ன இரும்புத் துண்டுதான்.

நாற்பத்தேழாம் வருஷத்துப் பனியில் சாலைகள் எல்லாம் அடைபட்டன. ஒரு காலையில் பனி தள்ளும் எஞ்சின் கிரேவிக்கிலிருந்து கிளம்பி, வழியைத் திறந்துகொண்டு ஹார்தெட்டைத் தாண்டி மெயின் லைனில் போனது. டோக்கனை ஒரு வளையத்தில் மாட்டி ஓடுகிற எஞ்சினிலிருந்து வீசுவார்கள், கேபின்காரர் கையை நீட்டி வாங்க வேண்டும். அன்றைக்குக் காற்று அதை டார்கஸின் கையில் விடாமல், ஆள் உயரப் பனிக்குவியலுக்குள் தூக்கிப் போட்டது.

இங்கே கிரேவிக்கில் நீராவியோடு வண்டி தயாராக நின்றது, அந்த டோக்கன் கிடைக்காமல் என் பெட்டி திறக்காது. உள்ளே ஆடு மேய்க்கும் ரூபன் ஹாவின் மனைவி எட்னா. வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஹார்தெட்டைத் தாண்டி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் இரண்டு உயிரும் போய்விடும் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள்.

ரூபன் கேபின் படியேறி வந்து என் சட்டையைப் பிடித்தான். "வழி காலியாத்தானே கிடக்கு? உன் கண்ணாலதானே பார்த்தே?"

"பார்த்தேன்."

"அப்புறம் என்னய்யா? ஒரு துண்டு இரும்புக்காக என் பெண்டாட்டி சாகணுமா?"

டிரைவர் சைலஸ் கீழிருந்து, "அவனை விடுப்பா. டோக்கன் இல்லாம என் அப்பன் வந்து சொன்னாலும் நான் எடுக்க மாட்டேன்" என்றார். அன்று என்னையும் இந்த வேலையையும் நான் வெறுத்தேன்.

போன் அடித்தது. "கையால தோண்டிப் பார்த்துட்டேன், கிடைக்கல" என்றாள் டார்கஸ். "சிவப்புப் பட்டையைக் கட்டிக்கிட்டேன். நடந்து வரேன்."

விதியில் அப்படி ஒரு வழி உண்டு. டோக்கன் தொலைந்தால் ஒரு மனிதரையே டோக்கனாக நியமிக்கலாம். அவர் கையில் சிவப்புப் பட்டை இருக்கும், அவர் ஏறிய வண்டி மட்டும் நகரலாம். ஆனால் முதலில் அவர் பாதை நெடுக நடந்து மறுமுனைக்கு வந்து சேர வேண்டும்.

"அங்கே ஆம்பளைங்க இல்லையா?" என்று கேட்டேன்.

"ஸ்டேஷன் மாஸ்டருக்கு முட்டி வீங்கிக் கிடக்கு. உட்கார்ந்து கேபினைப் பார்த்துப்பார். நீ டீயைச் சூடா வை."

அந்தப் பனியில் ஐந்து மைல். வண்டிக்குள் எட்னா கத்துவது கேபின்வரை கேட்டது. ரூபன் என்னைத் திட்டித் தீர்த்து, கடைசியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பொழுது சாயும் நேரத்தில் தண்டவாளத்தின் நடுவே ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது.

வந்தவளின் புருவத்தில் பனி உறைந்திருந்தது. டீயைத் தொடவில்லை. "குன்றை வெட்டிப் பாதை போட்ட இடத்துல மேல்பாலத்துச் சுவர் சரிஞ்சு தண்டவாளத்துல கிடக்கு" என்றாள். "எஞ்சின் போனதுக்கப்புறம் விழுந்திருக்கணும். எல்லாரும் மண்வெட்டி எடுத்துக்கங்க."

காலையில் அந்த வண்டியை நான் விட்டிருந்தால்? முதல் மண்வெட்டியை எடுத்தவன் ரூபன்தான்.

டார்கஸ் நொண்டுவதைப் பார்த்த மருத்துவச்சி, "வண்டிக்குள்ள வந்து காலை நீட்டிப் படும்மா" என்றாள்.

"நான் இப்போ டோக்கன். டோக்கன் டிரைவர் பக்கத்துலதான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு எஞ்சினில் ஏறினாள்.

சுவர் விழுந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, விளக்கைப் பிடித்துக்கொண்டு கல்லைப் புரட்டித் தள்ளினார்கள். நான் கேபினில் தனியாகக் காத்திருந்தேன். கடைசியில் ஹார்தெட்டிலிருந்து டார்கஸின் போன் வந்தது. "வண்டி முழுசா வந்து சேர்ந்தது. பாதை காலி."

"எட்னா?"

"டவுனுக்குப் போயாச்சு. உயிர் இருந்துச்சு. வேற தகவல் வந்தா சொல்றேன்."

அதன் பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. எங்கள் கேபின்களுக்கு நடுவே, ஒரு முனையில் தட்டினால் மறுமுனையில் ஒலிக்கும் மணி ஒன்று உண்டு. எத்தனை தட்டு தட்டினால் என்ன அர்த்தம் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது. வேறு எதற்கும் அதைத் தொடக் கூடாது என்பதை எனக்கு அடித்துச் சொன்னவளே டார்கஸ்தான். அந்த மணி அன்று அடிக்க ஆரம்பித்தது. எண்ணிப் பார்த்தேன், எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை. தாயும் பிள்ளையும் பிழைத்த சேதி எனக்கு அப்படித்தான் வந்தது. அவள் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தாள், நானும் பதிலுக்கு அடித்துக்கொண்டே இருந்தேன்.