கண்டாக்கையா வைத்த சங்கு

ஐம்பதுகளில் இலங்கை மலையகத்து அக்கரப்பத்தனையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குச் சங்கு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஹட்டனிலிருந்து லாரியில் சாக்குப் போட்டு மூடிக் கொண்டுவந்து, ஃபெக்டரிக் கூரையில் ஏற்றினார்கள். மின்சாரத்தில் ஊதும் சங்கு. கீழே நின்ற, தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா முகத்தில் மாப்பிள்ளைக் களை. விடியற்காலையில் தப்படித்து எழுப்பியும் பெண்கள் காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் பிந்தி வருகிறார்கள் என்று துரை அவரைக் கடிந்துகொண்டே இருந்தார். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி இது. நல்ல மனிதர், கோபித்தாலும் கை ஓங்கமாட்டார். அவர்மேல் எனக்கு இருப்பது கோபமா இரக்கமா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

மறுநாள் சங்கு ஊதியதில் நாங்கள் குடியிருந்த லயத்துக் கோழிகளெல்லாம் கூரையேறின, தம்பி வீரிட்டு அழுதான். அம்மா அதற்கு முன்பே எழுந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அவள் என்றைக்குத் தூங்கினாள், எழுப்புவதற்கு? தம்பி இன்னும் நடக்கத் தொடங்கவில்லை. அவனைப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டால்தான் அம்மா கொழுந்தெடுக்கப் போகமுடியும். ஆயாவோ பெரட்டு முடிகிற நேரத்துக்குத்தான் கதவைத் திறப்பாள், நடக்காத பிள்ளையைத் தாய் கையிலிருந்துதான் வாங்குவாள், அவளுக்கு இட்ட உத்தரவு அப்படி. கைப்பிள்ளைக்காரிகள் எல்லாரும் அந்த வாசலில் குளிரில் நின்றுவிட்டு, கதவு திறந்ததும் பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஓடுவார்கள்.

சங்கு வந்த பிறகும் அப்படித்தான் ஓடினார்கள். கண்டாக்கையா குழம்பிப்போனார். அவர் கேட்டதையும் தான் சொன்னதையும் அம்மா சாயங்காலம் எங்களுக்கு நடித்துக் காட்டினாள்.

“சங்கு கேக்கலையா ஒனக்கு?”

“கேட்டுச்சுங்கய்யா.”

“அப்ப ஏன் லேட்டு?”

அம்மா வாயெடுப்பதற்குள் அவர் கங்காணியிடம் திரும்பிவிட்டாராம். “இன்னொருக்கா ஊதச் சொல்லணும் போலருக்கு.”

அதிலிருந்து சங்கு இரண்டு முறை ஊதியது. பிந்தி வந்தால் அன்றைக்கு வேலை இல்லை என்றும் உத்தரவானது. அப்படி ஓரிரு நாள் திருப்பி அனுப்பப்பட்ட பிறகு அம்மா என் சிலேட்டை வாங்கி உயரத்தில் வைத்தாள். “தம்பி நடக்கிற மட்டும் நீ வீட்ல இருந்து பாத்துக்கடி” என்றாள். நான் அழுதேன், அவளும் அழுதாள். பக்கத்து வீட்டுக் காம்பராக்களிலும் இதே கதைதான். பெண்கள் நேரத்துக்குப் பெரட்டில் நின்றார்கள். கண்டாக்கையா வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சங்கைக் காட்டிப் பெருமைப்பட்டார்.

தம்பி நடந்ததும் அவனை ஆயாவிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்குத் திரும்பினேன். பிற்காலத்தில் கொழும்பில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். புது புரோகிராம் கேட்டு வருகிறவர்களிடம், “உங்களுக்கு என்னதான் பிரச்சினை?” என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்கமாட்டேன். பலருக்கு எரிச்சல் வரும், சிலர் சொல்லத் தெரியாமல் விழிப்பார்கள். கேட்ட பிறகும் பாதி நேரம் எனக்குக் குழப்பம்தான். எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று அவர்கள் கைகுலுக்கும்போது, இதனால் யார் வீட்டில் எந்தப் பிள்ளை நின்றுவிட்டதோ என்றுதான் யோசிப்பேன்.

நான் வீட்டில் நின்ற அந்த நாட்களில் ஒருமுறை, பள்ளிக்கூடத்து மாஸ்டர் கண்டாக்கையாவைத் தேடி லயத்துப் பக்கம் வந்தார். நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன். பொம்பளைப் பிள்ளைகளில் பாதிப் பேர் வருவதில்லை, காரணமும் புரியவில்லை என்றார் மாஸ்டர். கண்டாக்கையா என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு மிகுந்த அன்போடு சொன்னார்.

“கவலப்படாதீங்க மாஸ்டர். ஸ்கூலுக்கும் ஒரு சங்கு வச்சிருவோம்.”